ஏழு பேர், ஐந்து ஆசனப் பட்டி: வீட்டு வாகனத்தின் கதை



சில மாதங்களாக எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். வேன் வாங்குவதா, வேண்டாமா? எங்களிடம் இருப்பது 796 சிசி சிறிய கார். நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், பிள்ளைகளின் உம்மும்மா என இப்போதே ஆறு பேர். இன்ஷா அல்லாஹ் இன்னும் சில வாரங்களில் ஏழாவது ஆளும் வந்து சேரும். போன பெருநாளைக்கு மாவனல்லையில் இருந்து கண்டிக்குப் போகும்போது சின்னவன் உம்மாவின் மடியில், நடுவிலான் உம்மும்மாவின் மடியில். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏசியை நிறுத்தி, யன்னலைத் திறந்து, இரண்டாம் கியரில் ஏறினோம். பின்னால் வந்த பஸ்காரர் ஹோன் அடித்துக்கொண்டே வந்தார். அன்று இரவே பேச்சுத் தொடங்கிவிட்டது.

நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். வீட்டில் ஒரு பிரச்சினை வந்தால் "இதற்கு முன்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்கும் பழக்கம் உண்டு. அப்படிக் கேட்கப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மாடு. கார், வேன் எல்லாம் வருவதற்கு முன்னால் இந்த மலைநாட்டு முஸ்லிம்களுக்கு வாகனம் என்றால் பொதிமாடுதான். தவளம் என்று சொல்வார்கள். கரையோரத்தில் இருந்து உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றை மாட்டின் முதுகில் ஏற்றி, வரிசையாகக் காட்டுப் பாதை வழியே கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுபோவார்கள். திரும்பும்போது பாக்கு போன்றவற்றை ஏற்றி வருவார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான் என்று பாடப் புத்தகத்தில் படிப்பிக்கிறோம். இரக்கம் ஒரு காரணம். ஆனால் போக்குவரத்துத் தெரிந்த மக்கள் ஓர் அரசனுக்குத் தேவை என்பதும் உண்மை. கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்று ஒரு திணைக்களம் இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெருமளவில் வேலை செய்தார்கள். குருநாகல் மாவட்டத்தில் மடிகே அனுக்கன, மடிகே மிதியால என்று முஸ்லிம் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பெயரின் முன்பாதியில் அந்த மாட்டுத் திணைக்களம் உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவளம் தொழிலுக்கான வாகனம். குடும்பம் ஏறிப் போவதற்கு அல்ல. பெண்களும் பிள்ளைகளும் நடந்தார்கள், அல்லது போகவே இல்லை. "குடும்ப வாகனம்" என்ற எண்ணமே அன்று இல்லை.

அடுத்தது வீதி. 1815இல் கண்டி விழுந்தது. 1820களில் ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் கொழும்பில் இருந்து கண்டிக்கு வீதி வெட்டினார். பொறுப்பாக இருந்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் காரில் இருந்து காட்டுவார்கள். அதன் கிட்டவே பாறையைக் குடைந்து வீதி போகும் இடமும் இருக்கிறது. அந்த வீதி வெள்ளைக்காரரின் கெட்டித்தனத்தால் மட்டும் வந்ததல்ல. இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பேரில் சாதாரண மக்கள் கல்லுடைத்து, மண் சுமந்து போட்ட வீதி. அந்த ஊழிய முறை ஒழிக்கப்பட்டது 1832இல். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியதும் அதே 1832இல்தான்.

வீதி வந்ததும் தவளம் மெலிந்தது. ஒரு மாட்டின் முதுகு சுமப்பதை விடப் பல மடங்கை இரண்டு மாடுகள் பூட்டிய வண்டி இழுத்தது. பொதிமாட்டுக்காரர் வண்டிக்காரர் ஆனார்கள். கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் கண்டி வீதி முழுக்க வண்டிகள். பிறகு 1867இல் ரயில் கண்டியை எட்டியது. கோப்பி மூட்டை ரயிலில் ஏறியதும் நீண்ட தூர வண்டிக்காரரின் பிழைப்பும் ஒடுங்கியது. ரயில் பாதை ரம்புக்கனை வழியாகப் போனது, மாவனல்லைக்கு வரவில்லை. அதனால் எங்கள் பக்கம் வண்டி இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது.

அந்த வண்டியில்தான் குடும்பம் முதன்முதலாக ஏறியது. கூடாரம் போட்டு, வைக்கோல் பரப்பி, அதன் மேல் பாய் விரித்து, பெண்கள் இருக்கும் பக்கம் சேலையால் திரை கட்டி, கல்யாணத்துக்குப் போவார்கள். எத்தனை பேர் என்று கணக்கு இல்லை. மாடு எத்தனை பேரை இழுக்குமோ அத்தனை பேர். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கி நடப்பார்கள். கடுகண்ணாவையில் நாங்கள் ஏசியை நிறுத்தியதும் அந்த வழக்கத்தின் எச்சம்தான் என்று சிரித்துக்கொண்டோம்.

பிறகு பஸ். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தனியார் பஸ்கள் போட்டி போட்டு ஓடின. 1958 ஜனவரி 1 அன்று அரசாங்கம் அவற்றைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியது. எங்கள் வாப்பாமாரின் தலைமுறை இ.போ.ச. பஸ்ஸிலேயே வளர்ந்தது. அந்தக் காலத்தில் நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேல் பிள்ளைகள். எங்கள் பக்கம் ஏழு, எட்டு, பத்து என்றும் இருந்தது. சொந்த வாகனம் என்றால் சைக்கிள். பத்துப் பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சைக்கிள். ஆனால் "எங்கள் குடும்பத்துக்கு வாகனம் போதாது" என்று அவர்கள் யாரும் சொன்னதாக நாங்கள் கேட்டதில்லை. பஸ் இருந்தது, ரயில் இருந்தது, கால் இருந்தது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கருவள வீதம் 2.2. அதாவது பிள்ளைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வாகனமோ பெரிதாகிக்கொண்டு போகிறது. குடும்பம் பெருத்ததால் வாகனம் பெருத்தது என்று நாம் நினைக்கிறோம். கணக்கைப் பார்த்தால் குடும்பம் சுருங்கிய காலத்தில்தான் வாகனம் பெருத்திருக்கிறது. இந்த இடத்தில் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

கார் என்ற சாமான் ஊருக்குள் வந்த கதையை எங்கள் உம்மும்மா சொல்வார். அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவருடைய ஊரில் ஒரு கார்தான் இருந்ததாம். ஒரு கடை முதலாளியின் மொரிஸ் மைனர். இங்கிலாந்தில் 1948இல் வெளிவந்த மாதிரி அது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்ற பெயர் அதற்கு உண்டு. அந்தக் கார் முதலாளியின் வீட்டுக்கு மட்டும் ஓடவில்லை. பிள்ளைப்பேறு வலி வந்தால் அந்தக் கார். பாம்பு கடித்தால் அந்தக் கார். மாப்பிள்ளை வருவது அந்தக் காரில். பெற்றோல் காசை யார் கொடுத்தார்கள் என்று கேட்டோம். "கொடுத்தவன் கொடுத்தான், இல்லாதவன் தேங்காய் கொண்டுபோய்க் கொடுத்தான்" என்றார்.

1960களின் தொடக்கத்தில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புதிய கார் வருவது கிட்டத்தட்ட நின்றே போனது. இருந்த மொரிஸ்களையும் ஒஸ்டின்களையும் ஒட்டிப் பூசி, பாகங்களைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து, இருபது முப்பது வருடம் ஓட்டினார்கள். இந்த நாட்டு மெக்கானிக் பாஸ்மாரின் கெட்டித்தனம் அந்தப் பஞ்சத்தில் பிறந்தது. டொலர் இல்லாவிட்டால் கார் இல்லை என்பது நமக்கு 2020இல் வந்த புதிய பாடம் அல்ல. 60 வருடத்துக்கு முந்திய பாடம்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதே காலத்தில் மத்திய கிழக்குக்கு நம்மவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ஜப்பானில் ஓடிய பழைய வாகனங்கள் ரீகண்டிஷன் என்ற பெயரில் கப்பலில் வந்து இறங்கின. வேன் யுகம் தொடங்கியது. டொயோட்டா ஹைஏஸ், லைட்ஏஸ், டவுன்ஏஸ், நிசான் வெனட், மிட்சுபிசி டெலிகா. ஹைஏஸ் ஜப்பானில் 1967இலேயே வந்துவிட்டது. நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த 'டொல்பின்' 1989இல் வந்த அதன் பிந்திய உருவம்.

சவூதிக்குப் போனவர் திரும்பி வரும்போது கட்டுநாயக்கவுக்கு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர் போவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வருபவர் ஒருவர், ஏற்றப் போனவர் பதினான்கு பேர். திரும்பும்போது பெட்டிகளும் சேர்ந்துவிடும். நம் சமூகத்துக்கு வேன் பிடித்துப்போனதற்குக் காரணம் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. நாம் தனியாகப் போகிறவர்கள் இல்லை. வலீமாவுக்குப் போனாலும் ஜனாஸாவுக்குப் போனாலும் மாமியும் மச்சியும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்தே போகிறோம். ஆனால் இங்கேயும் ஒரு விசயம். அந்த வேன்களில் அநேகமானவை ஹயர் வேன்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் கடைச் சாமான், இரவில் விமான நிலையம். தன் வீட்டு ஆட்களை மட்டும் ஏற்றுவதற்காக வேன் வைத்திருந்தவர் மிகக் குறைவு.

வெளிநாடுகளிலும் இன்றைய மினிவேன் அவ்வளவு பழைய சாமான் அல்ல. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனத்தின் மினிவேன் வந்தது 1983இன் கடைசியில். பிரான்சில் ரெனோ எஸ்பாஸ் 1984இல். 

அதே 1983 டிசம்பரில் இந்தியாவில் மாருதி 800 வெளிவந்தது. சுசூக்கியின் தொழில்நுட்பம், 796 சிசி. பின்னர் இலங்கையிலும் மோட்டார் சைக்கிளில் போன குடும்பங்கள் நான்கு சக்கரத்துக்கு ஏறியது இந்தச் சின்னக் கார்களால்தான். 2015 ஜனவரியில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் 1000 சிசிக்குக் குறைந்த கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் வீதியெல்லாம் சின்னக் கார். லீசிங் கம்பனிகள் வாசலுக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போயின. இந்த நாட்டில் உங்கள் வீட்டுக்கு எந்த அளவு கார் வரும் என்பதைப் பெரும்பாலும் உங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. நிதியமைச்சின் சிசிக் கணக்கே தீர்மானிக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய கார், வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்கப்படும் அதிசயத்தைக் கண்டோம். பிறகு 2022. அந்த வருடத்தை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகளுக்காக எழுதி வைக்க வேண்டும். வருடத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபாவில் இருந்து ஜூன் கடைசியில் 470 ரூபாவுக்கு வந்தது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. செட்டில் இரவு பகலாக வரிசை. ஏப்ரல் 19 அன்று எங்களுக்குப் பக்கத்தில் ரம்புக்கனையில், எரிபொருள் கேட்டு ரயில் பாதையில் இறங்கிய மக்கள் மீது பொலிசார் சுட்டதில் ஒரு மனிதர் இறந்தார். 1867இல் கோப்பிக்காகப் போட்ட அதே பாதை. ஒரு கான் எரிபொருளின் விலை ஓர் உயிராக இருந்த நாள் அது. அதை மறந்துவிட்டு வாகனத்தைப் பற்றிப் பேச எங்களால் முடியவில்லை.

ஜூலையில் கியூஆர் முறை வந்தது. கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வேனுக்கும் 20 லீற்றர். காருக்கும் வேனுக்கும் ஒரே அளவு என்பதைக் கவனியுங்கள். அந்த 20 லீற்றரில் எங்கள் சின்னக் கார் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. பக்கத்து வீட்டுப் பெற்றோல் வேன் அதில் பாதிதான் ஓடியது. பெரிய வாகனம் வாசலில் நின்றது, சின்ன வாகனம் ஊரைச் சுமந்தது. அந்த மாதங்களில் எங்கள் காரில் ஏறியவர்களின் கணக்கு எங்களிடம் இல்லை. மருந்தெடுக்கப் போனவர், பரீட்சைக்குப் போன பிள்ளை, டயலிசிஸ் செய்யப் பேராதனைக்குப் போன ஒரு சாச்சா. உம்மும்மா சொன்ன மொரிஸ் மைனரின் வேலையை எங்கள் கார் சில மாதம் செய்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பஞ்சம் சின்ன வாகனத்தைப் பெறும் என்பதற்கு உலகத்திலும் உதாரணம் உண்டு. 1956இல் சுயஸ் கால்வாய்ப் பிரச்சினை. இங்கிலாந்தில் பெற்றோலுக்குப் பங்கீடு. அந்த நெருக்கடியில் பிறந்த யோசனையில்தான் 1959இல் மினி கார் வந்தது. மொரிஸ் மைனரை வடிவமைத்த அதே அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. என்ஜினைக் குறுக்கே வைத்து, பத்தடி நீளத்துக்குள் நான்கு பெரியவர்களை உட்கார வைத்துவிட்டார்.

அதே 1959இல் சுவீடனில் இன்னொரு காரியமும் நடந்தது. வொல்வோ கம்பனியின் பொறியியலாளர் நில்ஸ் பொலின் உருவாக்கிய, மூன்று இடத்தில் பிடிக்கும் ஆசனப் பட்டி கார்களில் பொருத்தப்பட்டது. அந்தக் கம்பனி அதை மற்றக் கம்பனிகளும் பாவிக்கத் திறந்துவிட்டது. அதன்பின் அந்தப் பட்டி எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்பதை அல்லாஹ்தான் அறிவான். நம் நாட்டில் முன்னிருக்கையில் இருப்பவர் பட்டி அணிவது 2011இல்தான் கட்டாயமாக்கப்பட்டது.

1959இன் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் பிரச்சினை எங்களுக்கே விளங்கியது. மினி சொன்னது, இடத்தைச் சரியாகப் பாவித்தால் சின்ன வாகனமும் போதும் என்று. பட்டி சொன்னது, ஒரு வாகனத்தில் எத்தனை பேர் போகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று. நாங்கள் இத்தனை நாளும் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டு இரண்டாவதைக் கேட்காமல் இருந்திருக்கிறோம். "நம் முன்னோர் ஒரு வண்டியில் பதினைந்து பேர் போனார்களே" என்பது சரியான வாதம் போலத் தெரியும். ஆனால் மாட்டு வண்டி மணிக்கு மூன்று மைல் போனது. அதில் இருந்து விழுந்தால் முழங்கால் உரசும். இன்று கண்டி வீதியில் 60, 70இல் போகிறோம். திடீரென்று பிரேக் பிடித்தால், மடியில் உள்ள பிள்ளையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து வைக்க முடியாது. அன்பின் குறைவல்ல, அந்த வேகத்தில் எந்தக் கைக்கும் அவ்வளவு பலம் இல்லை. வரலாற்றில் இருந்து பழக்கத்தை எடுக்கும்போது அந்தப் பழக்கத்தின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிற நாங்களே பெருநாளன்று சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு போனோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஆசனத்தை எண்ணுவதை விட்டுப் பட்டியை எண்ணினோம். எங்கள் காரில் ஐந்து. நாங்கள் ஆறு பேர், இனி ஏழு பேர். உம்மும்மா இல்லாமல், நாங்கள் இருவரும் நான்கு பிள்ளைகளும் மட்டும் போனாலும் ஒன்று குறைகிறது. அப்படியென்றால் வேன்தான் முடிவு என்று நினைப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். லீசிங் விலை கேட்டோம். 2025 பெப்ரவரி 1இல் இருந்து தனியார் வாகன இறக்குமதி திறந்துவிட்டது என்றாலும், வரியோடு சேர்ந்த விலை இரண்டு ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. பழைய வேனுக்கும் மாதத் தவணை எங்களில் ஒருவரின் சம்பளத்தை முழுதாக விழுங்கும். அதோடு வட்டி. வட்டியில்லாத இஜாரா முறையில் எடுத்தாலும் கட்ட வேண்டிய காசு காசுதான். ஹலால் என்பதற்காகக் கடன் இலேசாகிவிடாது.

பிறகு ஒரு கொப்பியை எடுத்தோம். ஒரு தவணை முழுக்க, ஒவ்வொரு பயணத்தையும் எத்தனை பேர் என்று குறித்தோம். மூன்று மாதத்தில் 62 பயணம். ஒருவர் அல்லது இருவர் போனது 41. மூன்றில் இருந்து ஐந்து பேர் போனது 14. ஆறு பேரும் சேர்ந்து போனது 7. அந்த ஏழில் ஐந்து முன்கூட்டியே தெரிந்தவை. கல்யாணம், உறவினர் வீடு, விடுமுறைப் பயணம். ஒன்று ஜனாஸா. மற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கேட்டதற்காகச் சும்மா போனது. ஏழு தடவையும் வேன் ஹயர் எடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கூட்டிப் பார்த்தோம். மூன்று மாதத்து ஏழு ஹயரும் சேர்ந்து ஒரு மாதத் தவணையை எட்டவில்லை.

வரலாறும் அதையேதான் சொல்கிறது. நம் மூத்தவர்கள் தங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளுக்குத் தேவையான வாகனத்தை எப்போதும் சொந்தமாக வைத்திருக்கவில்லை. அன்றாடத்துக்குச் சைக்கிள், பெரிய நாளுக்கு வண்டி, பிறகு ஹயர் வேன். வருடத்தில் முப்பது நாள் வரும் தேவைக்காக முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கடன் கட்டும் வழக்கம் நம் தலைமுறையில் வந்தது. அதற்காக வேன் வைத்திருப்பவர் எல்லோரும் வீண்விரயம் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் நடக்க முடியாத பெற்றோர் இருந்தால், தினமும் நான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும் என்றால், தொழிலே அதுவென்றால், கணக்கு வேறு மாதிரி வரும். உங்கள் கொப்பி உங்களுக்குத்தான் பதில் சொல்லும்.

எங்கள் முடிவு இதுதான். சின்னக் கார் இருக்கட்டும். ஐந்து பட்டிக்கு மேல் ஓர் ஆளும் ஏறுவதில்லை. மடிப் பயணம் இன்றோடு முடிந்தது. கைக்குழந்தைக்கு அதற்குரிய ஆசனம் வாங்கப் போகிறோம். எல்லோரும் போகும் நாளுக்குப் பக்கத்து வீட்டு வேனைச் சொல்லி வைப்போம். அவருக்கும் அது வருமானம். அவசரமாக ஜனாஸா வந்தால் இரண்டு தடவை போய் வருவோம், அல்லது ஒருவர் பஸ்ஸில் போவோம். லீசிங் தவணையில் மூன்றில் ஒரு பங்கை மாதாமாதம் ஒதுக்குவோம். கைக்குழந்தை பாடசாலைக்குப் போகும் வருடத்தில் கொப்பியை மறுபடி எடுப்போம். அப்போது கணக்கு மாறியிருந்தால் முடிவையும் மாற்றுவோம்.

இதை எல்லாம் பேசி முடித்த இரவு உம்மும்மாவிடம் சொன்னோம். அவர் தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கியூஆர், சிசி, இஜாரா ஒன்றும் அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"வேன் வாங்கினா நிறையப் பேர் ஏறலாந்தான். நீங்க ஏத்துவீங்களா மகன்?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. அந்த மொரிஸ் மைனரில் எத்தனை ஆசனம் என்று அவருக்குத் தெரியாது. அதில் ஆஸ்பத்திரிக்குப் போய் யார் யார் உயிரோடு திரும்பினார்கள் என்பது தெரியும். அவருடைய தம்பி ஒருவரும் அதில் ஒருவர்.

வாகனத்தை அல்லாஹ் அருட்கொடையாகவும் அலங்காரமாகவும் தந்திருக்கிறான் என்று ஸூரா நஹ்லின் தொடக்கத்தில் படிக்கிறோம். அலங்காரம் தப்பில்லை. ஆனால் எது எவ்வளவு என்று அவரவர் மனதைக் கேட்க வேண்டும். எங்கள் பேச்சில் "வசதி" என்ற சொல் எத்தனை தடவை வந்தது, "அவங்கள்ட்ட வேன் இருக்கு" என்ற வாக்கியம் எத்தனை தடவை வந்தது என்பதை நாங்கள் கொப்பியில் குறிக்கவில்லை. குறித்திருந்தால் அதுவும் ஒரு வரலாறாக இருந்திருக்கும்.

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் ஒரு தடவை கேளுங்கள். உங்கள் ஊருக்கு முதலில் வந்த கார் யாருடையது? அதில் யார் யார் ஏறினார்கள்? அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் எழுதுங்கள், நாங்கள் ஆவலோடு வாசிப்போம்.

எங்கள் வீட்டுக்கு வரப்போகும் புதிய ஆளுக்காகவும், நீங்கள் எல்லோரும் போகும் பயணங்கள் பாதுகாப்பாக முடியவும் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.